தொடர் வசனத்தில் வட்டார வழக்கு: எங்கே பிசகுகிறது, எப்படித் திருத்துவது?
(பலர் சேர்ந்து நடத்திய உரையாடல். ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்.)

முதல்வரைவு:
வணக்கம். ஒரு குடும்பத் தொடருக்கான வசனம் பற்றிய கேள்வி. கதை பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் நடக்கிறது. வீட்டுக்காரர்கள் உள்ளூர். மருமகள் திருநெல்வேலி. மாடியில் குடியிருக்கும் பெண் யாழ்ப்பாணம். எதிர்வீட்டில் பாலக்காட்டிலிருந்து வந்து 20 வருடமாக இருக்கும் மலையாளக் குடும்பம்.

பொதுப் பேச்சுத்தமிழில் காட்சியை எழுதிவிட்டு, அப்புறம் ஆளுக்கு ஏற்ப 'ஏனுங்க', 'ஏலே', 'ஓம்', 'எந்தா' என்று சேர்ப்பதுதான் வழக்கமான முறை. அப்படிச் செய்தால் நான்கு ஊர் மனிதர்களும் ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. வழக்கை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு வைக்க வேண்டும், படப்பிடிப்பிலும் டப்பிங்கிலும் அது கரைந்து போகாமல் எப்படிக் காப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வினைமுற்று:
சிக்கல் நீங்கள் எழுதும் வரிசையில் இருக்கிறது. பொதுத்தமிழில் முடித்துவிட்டு மேலே சொல்லைத் தூவினால் வாக்கியத்தின் எலும்பு பொதுத்தமிழாகவே நிற்கும். வட்டாரப் பேச்சு முதலில் குடியிருப்பது வாக்கியத்தின் வாலில், அதாவது வினைமுற்றில். அடுத்தது மரியாதை. அதற்கடுத்தது 'என்னுடைய' என்பதற்கு வரும் வடிவம். சட்டென்று காதில் விழும் ஊர்ச் சொற்கள் எல்லாம் அதற்கும் பிறகுதான்.

ஒரு காரியம் செய்யுங்கள். 'வா' என்ற ஒரே வினையை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எட்டு வடிவம் எழுதுங்கள்: நான் வந்தேன், நான் வருகிறேன், அவன் வந்தான், அவர் வந்தார், அவர்கள் வந்தார்கள், வாருங்கள், வந்துகொண்டிருக்கிறான், வந்தாரா. இந்த எட்டும் நிரம்பும்வரை அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

'அவர்கள் வந்தார்கள்' ஒன்றே போதும், ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். பொதுப்பேச்சில் 'வந்தாங்க'. நெல்லையில் 'வந்தாவ'. மதுரை, சிவகங்கைப் பக்கம் மரியாதைக்கு 'வந்தாக', மரியாதை தேவைப்படாத கூட்டத்துக்கு 'வந்தாய்ங்க'. பிராமணர் வீட்டில் 'வந்தா'. யாழ்ப்பாணத்தில் 'வந்தவை'. அதே மாதிரி 'என் வீடு' என்பது பொதுவில் 'என்னோட வீடு', கொங்கில் 'என்ற வீடு', நாஞ்சில் நாட்டில் 'எனக்க வீடு', யாழில் 'என்ர வீடு'. இந்த இரண்டு அட்டவணையும் சரியாக இருந்தால், ஒரு ஊர்ச் சொல்கூட இல்லாமல் பாத்திரம் எழுந்து நிற்கும். அட்டவணை தவறாக இருந்தால் ஐம்பது ஊர்ச் சொல் போட்டாலும் அந்த ஊர்க்காரர் முதல் வரியிலேயே சேனலை மாற்றிவிடுவார்.

எழுத்தில் தெரியாத இன்னொன்று ழகரம். வட மாவட்டப் பேச்சில் அது யகரமாகிறது: வாயப்பயம். தெற்கே ளகரமாகிறது: வாளப்பளம். யாழ்ப்பாணத்திலும் ளகரம்தான். எந்தப் பாத்திரம் ழகரத்தை எப்படிச் சொல்லும் என்பதை ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இல்லையென்றால் பயிற்சி பெற்ற குரல்கள் எல்லாப் பாத்திரத்துக்கும் அழகான ழகரத்தைப் போட்டுவிடும். ஊர்ப் பாட்டி செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

நொய்யல்கரை:
கொங்குத் தமிழ் பற்றி மட்டும் சொல்றேனுங்க.

டிவியில் அதிகம் கெடுவது 'ங்க'. அது யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கான மரியாதை இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்கான மரியாதை. அதனால்தான் 'அந்தத் திருட்டுப்பய மறுபடி வந்தானுங்க' என்று சொல்ல முடிகிறது. 'வந்தான்' திருடனுக்கு, 'உங்க' கேட்பவருக்கு. இது புரியாமல் எழுதுகிறவர்கள் மாமனார் மருமகளிடம் பேசும்போதும், பாட்டி பேரனை அதட்டும்போதும் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' ஒட்டுகிறார்கள்.

ஒட்டும் இடமும் தவறும். கேள்வியில் 'ஆ' கடைசியில் வரணும். 'வந்தாச்சுங்களா', 'வந்தானுங்களா' சரி. 'வந்தாச்சாங்க' என்று எந்த வீட்டிலும் கேட்க முடியாது. தன்மையில் 'வந்தேனுங்க' என்று இழுப்பதைவிட 'வந்தனுங்க', 'போறனுங்க' என்று குறுகுவதே இயல்பு.

உறவுமுறையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. அம்மாவின் அம்மா அமுச்சி, சில பக்கம் அம்மாயி. தொடர்களில் கொங்கு வீட்டுத் தாத்தா யாராக இருந்தாலும் அப்புச்சி ஆகிவிடுகிறார். அந்த ஒரு சொல்லால் கதையில் அவர் மகன் வீட்டில் இருக்கிறாரா மகள் வீட்டில் இருக்கிறாரா என்பதே மாறிவிடுகிறது. ஒறம்பரை (விருந்தாளி), நோம்பி (பண்டிகை), இட்டாரி (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை), பொடக்காளி (புழக்கடை) மாதிரி சொற்கள் நல்ல சொற்கள்தான். ஆனால் அவை இடம் பார்த்து வரணும். கோயமுத்தூர் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த பையன் வாயில் இட்டாரி வருவதற்குக் காரணம் வேண்டும்.

இன்னொரு மனக்குறை. கொங்குத் தமிழ் பேசினால் ஒன்று அப்பாவி, இல்லையென்றால் பண்ணையக்காரர். லேத் பட்டறையில் வேலை செய்கிறவரும், திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவரும், தறி ஓட்டுகிறவரும் இதே பேச்சுதான் பேசுகிறார்கள். மரியாதை குறையாமல் ஒருவரை வெட்டி எறிய இந்தப் பேச்சு மாதிரி வேறில்லை. 'இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்க' என்று குரல் உயராமல் சொல்வதில் இருக்கிற கடுமையை யாருமே எழுதுவதில்லை. நாற்பது எபிசோடு 'ங்க' போட்டுப் பேசிய மனுசன் ஒருநாள் அதை விட்டுவிட்டுப் பேசினால், அதற்குப் பின்னணி இசையே தேவையில்லை.

தாமிரபரணி:
நெல்லைக்கு வருவோம். எல்லாரும் பிடித்துக்கொள்வது 'ஏலே'. அதற்கு முன்னால் விளிச்சொல்லும் வினையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஏலே' நீ-க்கு உரியது: 'ஏலே, எங்க போற?' 'வே' 'நீர்' என்று பேசுவதற்கு உரியது: 'என்னவே, எங்க போறீரு?', 'சொல்லும்வே', 'வாரும்வே'. ஏறக்குறைய சம வயது ஆண்கள் தங்களுக்குள் பேசுவது அது. டிவியில் 'ஏலே, சொல்லும்' என்றும் 'வே, நீ வா' என்றும் கலக்கிறார்கள். பெண்பிள்ளையை அழைப்பது 'ஏட்டி', அதுவும் வயதில் இளையவளை. தெற்கத்திப் பெண் என்றாலே 'ஏ புள்ள' என்று அழைக்கும் வழக்கம் எந்த ஊரிலிருந்து வந்ததோ, அது ஊர் பேர் இல்லாத சினிமாக் கிராமத்துப் பேச்சு.

உங்கள் மருமகள் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது 'அவிய வந்தாவ', 'இருக்காவ', 'வாராவ'. நிகழ்காலத்தில் 'வர்றேன்' இல்லை, 'வாரேன்', நெடில். பெண்ணின் வீட்டார் திருநெல்வேலி டவுனா, தூத்துக்குடியா, நாகர்கோவிலா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 'எனக்க', 'ஒனக்க' குமரி மாவட்டத்துக்கு உரியவை. திருநெல்வேலி டவுன்காரி வாயில் அவை வந்தால் அந்தப் பக்கத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

மதுரைக்கும் இதே பிழை வேறு உருவத்தில் நடக்கிறது. 'எங்கப்பா வந்துட்டாய்ங்க' என்று பயபக்தியோடு ஒரு மகள் சொல்வாள். 'ஆய்ங்க' தெருவில் கூடி நிற்கும் பயல்களுக்கு. அப்பாவுக்கு 'வந்துட்டாக' அல்லது 'வந்துட்டாரு'. மதுரை என்று காட்ட ஆசைப்பட்டு அப்பாவின் மரியாதையைப் பறித்துவிடுகிறார்கள்.

'மூதி', 'சவம்' பற்றியும் எச்சரிக்கை. இரண்டும் வசவு. நெருக்கத்தில் செல்லமாக ஒலிக்கும், வெளியாளிடம் சொன்னால் சண்டை. புதிதாகக் கல்யாணமான பெண் கணவனை எபிசோடுக்கு மூன்று தடவை 'சவத்த மூதி' என்று சொல்வது நெல்லைத்தனம் ஆகாது.

முதல்வரைவு:
மருமகள் புகுந்த வீட்டிலும் முழு நெல்லைத் தமிழ்தான் பேசுவாளா? இரண்டு வருடம் ஆகிவிட்டதாகக் கதை.

தாமிரபரணி:
மாமியாரிடம் பேசும்போது தணியும். 'வந்தாவ' போய் 'வந்தாங்க' வரும். ஆனால் 'வாரேன்' மாறாது, ளகரம் மாறாது. அவளுக்கே தெரியாத விஷயங்கள் அவை. அம்மாவிடம் போனில் பேசத் தொடங்கியதும் பாதி வாக்கியத்திலேயே ஊர்ப் பேச்சு திரும்பிவிடும். போனை வைத்துவிட்டு மாமியாரிடம் சொல்லும் முதல் வரியில் ஒரு 'வந்தாவ' தவறி விழும். இப்படி எழுதினால் அவள் இன்னும் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது வசனத்தில் சொல்லாமலே தெரியும்.

கோபம், அழுகை, பிரசவ வலி, பயம், இந்த நேரங்களில் பிறந்த ஊர்ப் பேச்சு முழுதாக வரணும். தொடர்களில் தலைகீழாக நடக்கிறது. சிரிப்புக் காட்சியில் வழக்கு கொட்டும், அழும் காட்சியில் சுத்தப் பொதுத்தமிழ்.

மூன்றாம்குரல்:
எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் எங்கே போய்விடுகிறது என்று பார்க்க வேண்டும். டப்பிங் பக்கத்திலிருந்து சில விவரங்கள்.

தினசரித் தொடரில் ஒரு வரி மூன்று வாய் தாண்டி வீட்டுக்கு வருகிறது. படப்பிடிப்புத் தளத்தில் உதவி இயக்குநர் ஒருவர் வரியைச் சத்தமாகப் படித்துக் கொடுப்பார், நடிகர் கேட்டுத் திருப்பிச் சொல்வார், அதுதான் ப்ராம்ப்டிங். பிறகு டப்பிங் கூடத்தில் வேறொரு குரல். நடிகைகளில் பலருக்குத் தாய்மொழி மலையாளம், கன்னடம் அல்லது தெலுங்கு. ஆகவே தளத்திலேயே வழக்கு பாதி போய்விடும். மிச்சத்தை டப்பிங்கில் நாங்கள் தட்டையாக்கிவிடுவோம், ஏனென்றால் உதடு அசைவு பொதுத்தமிழுக்குத்தான் இருக்கும்.

உதடு பொருந்துவதில் எல்லா எழுத்தும் ஒன்றில்லை. ப, ம, வ மூன்றுக்கும் உதடு வேலை செய்வது திரையில் தெரியும். க, ங, ட, ண, ர எல்லாம் வாய்க்குள் நடப்பவை. அதனால் தளத்தில் 'வந்தாங்க' என்று சொல்லியிருந்தால் டப்பிங்கில் 'வந்தாக' என்று மாற்றலாம், யாருக்கும் தெரியாது. 'வந்தாவ' என்று மாற்ற முடியாது. வாக்கியக் கடைசியில் வாய் திறந்திருக்கும்போது வகரம் ஒலிக்கும், குளோஸ்-அப்பில் அப்பட்டமாகத் தெரியும். நெல்லைப் பாத்திரம் இருந்தால் தளத்திலேயே 'வந்தாவ' சொல்ல வைத்தாக வேண்டும். கொங்கு 'ங்க' உள்வாய் ஒலி, ஆனால் ஒரு அசை கூடும். நடிகர் வாயை மூடிய பிறகு 'ங்க' தனியாகத் தொங்கும். தளத்தில் சொல்ல வராத நடிகர் என்றால், வரி முடிவில் அவர் திரும்புகிற மாதிரியோ, எதிர் ஆளின் முகத்துக்கு வெட்டுகிற மாதிரியோ ஷாட் வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் 'ங்க'வைச் சேர்த்துவிடலாம்.

எழுத்துமுறையும் முக்கியம். கொங்கு 'என்ற வீடு' என்று ஸ்கிரிப்டில் இருந்தால், அவசரத்தில் படிக்கும் குரல் அதை 'வீடு என்ற', அதாவது 'எனப்படும்' என்ற பொருளில் படித்து நிறுத்தம் மாற்றிவிடும். அந்த மாதிரிச் சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள், பக்கத்தில் பொருள் எழுதுங்கள்.

மாதிரி ஒலி வாங்கும்போது ஊர்க்காரரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவே கூடாது. தாளைப் பார்த்ததும் யாரும் எழுத்துத்தமிழுக்குப் போய்விடுவார்கள். காட்சியைச் சொல்லி, 'இந்த நேரத்துல உங்க வீட்டுல எப்படிக் கேப்பாங்க?' என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பாத்திரத்தின் வயது, ஆணா பெண்ணா, டவுனா கிராமமா என்பது பொருந்துகிற ஆளாக இருக்க வேண்டும். அறுபது வயது ஆண் சொன்ன மாதிரியை வைத்து இருபது வயதுப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் குரல் மட்டும் இளமையாக இருக்கும். பாத்திரத்துக்குப் பத்து நிமிடப் பதிவு போதும். அதை உதவி இயக்குநரின் போனிலும் போட்டுவிடுங்கள். ப்ராம்ப்ட் செய்யும் வாய் மாறினாலும் காது ஒன்றாக இருக்கும்.

நேரக்கணக்கு:
எல்லாம் நியாயம்தான், ஆனால் நடைமுறையையும் பாருங்கள். அரை மணி நேர எபிசோடில் விளம்பரம் போக 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காட்சிகள்தான். வாரத்துக்கு ஐந்தோ ஆறோ எபிசோடு. அன்றைக்குச் சீன் பேப்பர் அன்றைக்கு வரும். பார்க்கிறவர்கள் சமைத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் காதால் கேட்பவர்கள். தர்மபுரியில் இருக்கிறவருக்கு 'அவை வந்தவை' புரியாது. புரியவில்லை என்றால் கதை போய்விடும். வழக்கு தெளிவாக, கொஞ்சம் மிகையாக இருப்பதுதான் ஆளை அடையாளம் காட்ட உதவுகிறது. எல்லா நாட்டுத் தொலைக்காட்சியிலும் அப்படித்தான்.

வினைமுற்று:
புரிய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் புரியாமல் போவது பெரும்பாலும் பெயர்ச்சொல்லால்தான். 'வந்தாவ', 'வந்தாக', 'வந்தனுங்க' எந்த மாவட்டக்காரருக்கும் சூழலில் புரியும். அடையாளம் காட்டும் என்று நீங்கள் மிகையாகப் போடும் 'பொடக்காளி'தான் புரியாது. ஆக, புரிதலுக்காக என்றாலும் செய்ய வேண்டியது அதேதான்: வினையை ஊருக்கு விடுங்கள், பெயர்ச்சொல்லைக் குறையுங்கள். நாலைந்து வரிக்கு ஒரு ஊர்ச் சொல் தாராளம். அதையும் செயலோடு சேர்த்துச் சொல்லுங்கள். பாட்டி பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டே 'பொடக்காளியில வெச்சிருக்கேன்' என்றால் விளக்கம் தேவையில்லை.

நேர நெருக்கடி உண்மை. அதனால்தான் எட்டு வடிவ அட்டவணை. பாத்திரத்துக்கு அரைப் பக்கம். அன்றைக்கு வரும் சீன் பேப்பரை யார் எழுதினாலும் அதைப் பார்த்து எழுதலாம்.

'யாழ்'கருக்கல்:
மாடியில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறன்.

தமிழ்நாட்டுத் தொடர்களில் இலங்கைப் பாத்திரம் வந்தால் மூன்று பிழை கட்டாயம் இருக்கும். முதலாவது 'வாங்கோ, சொல்லுங்கோ'வை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிராமணத் தமிழ் இராகத்திலோ மலையாள இராகத்திலோ சொல்லுவது. இரண்டாவது, இறந்தகால வினை. எங்கட பேச்சில் 'நான் வந்தனான்', 'அவர் வந்தவர்', 'அவை வந்தவை' எண்டு வரும். தமிழ்நாட்டில் 'வந்தவர்' எண்டால் வந்த ஆள். எங்களுக்கு அது முடிந்த வாக்கியம். நிகழ்காலம் 'வாறன்', 'வாறார்'. கேள்விக்கு ஓகாரம்: 'அவர் வந்தவரோ?' இது வந்தாரா எண்ட நேர்க் கேள்வி. நடிக்கிறவர்கள் அதைச் சந்தேகமாக இழுத்துச் சொல்லுவினம், கேள்வியின் பொருளே மாறிப்போகும்.

மூன்றாவது, ஒரே சொல், வேறு பொருள். 'பேசினவர்' எண்டால் ஏசினவர், திட்டினவர். உரையாடுவதுக்குக் 'கதைக்கிறது'. 'அம்மா என்னைப் பேசினவ' எண்டு ஒரு யாழ்ப்பாணப் பெண் சொன்னால் அம்மா திட்டினா எண்டுதான் அர்த்தம். 'அவை' மனிதரைக் குறிக்கும். 'உவன், உது' எண்ட உகரச் சுட்டும் எங்களிடம் இருக்குது. எழுத்தாளர்கள் அதைத் தொடுவதேயில்லை, ஆனால் ஒரு 'உதை வையுங்கோ' போதும், ஆள் எந்த ஊர் எண்டு தெரிய.

உச்சரிப்பில், ஆங்கிலச் சொல்லின் டகரத்தை நாங்கள் றகரத்துக்குக் கிட்டவாகச் சொல்லுவம். அதனால்தான் 'ரீவி', 'ரொறன்ரோ' எண்டு எழுதுகிறம். 'டீவி' எண்டு அழுத்திச் சொல்லும் யாழ்ப்பாணத்து ஆள் எங்கட காதுக்கு உடனே பிறத்தியார்.

இலங்கை முழுதும் ஒரே பேச்சு இல்லை எண்டதும் முக்கியம். மட்டக்களப்புப் பேச்சு வேறு. முஸ்லிம்களின் வீட்டுப் பேச்சு வேறு. மலையகத் தமிழ் தமிழ்நாட்டுப் பேச்சுக்குக் கிட்டவாக இருக்கும். தோட்டத் தொழிலாளியின் பேத்தி 'வந்தனான்' எண்டு சொல்லமாட்டாள். பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் தமிழை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களும் உண்டு. அது ஒலிபரப்புக்கான நடை. வீட்டில் ஒருவரும் அப்படிக் கதைக்கிறதில்லை.

கடைசியாக, அந்தப் பிள்ளைக்கு அழுகையைத் தவிர வேறு வேலையும் கொடுங்கோ. வாடகை தருகிறவள், வேலைக்குப் போகிறவள், சமையலில் உறைப்புக் காணாது எண்டு சண்டை பிடிக்கிறவள். எங்கட பேச்சு டிவியில் கேட்டால் பின்னால் குண்டுச் சத்தமும் புல்லாங்குழலும் கேட்கும் எண்ட நிலைமை மாறவேணும்.

கூவக்கரை:
சென்னைத் தமிழுக்கும் ஒரு இடம் கொடுங்க. இங்கே யாரும் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கதையில் ஆட்டோக்காரரோ அடியாளோ வந்தால் அவர் வாயில் சென்னைத் தமிழ் போடப்போகிறீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். அதுவும் இலக்கணம் உள்ள பேச்சு. இருக்கிறது என்பது 'கீது', இருக்கிறான் 'கீறான்', கொண்டு 'கினு'. 'வந்துகினு கீறான்' என்பதில் ஒவ்வொரு துண்டும் முறையாக மாறியிருக்கிறது. நாஸ்டா, பேஜார், ஜல்தி, கலீஜ் எல்லாம் உருது வழி வந்த சொற்கள். தென்னிந்தியத் துறைமுக நகரத்தில் பல மொழிக்காரர் சேர்ந்து வாழ்ந்ததன் பதிவு அது. ஆசிரியர், நர்ஸ், வங்கி ஊழியர் என்று வடசென்னையில் பிறந்து இப்படிப் பேசுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. டிவியில் ஒருவர்கூட இல்லை.

1960-இல் கனடாவின் மான்ட்ரியாலில் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். இருமொழி தெரிந்த ஒரே ஆள் ஒரே பத்தியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் படிக்க, கேட்டவர்கள் இரண்டு வேறு ஆட்கள் என்று நினைத்து மதிப்பிட்டார்கள். ஆங்கிலக் குரலுக்குப் பல குணங்களில் கூடுதல் மதிப்பு, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட கனடாக்காரர்களே அப்படிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு பேசுகிறவர்களே தங்கள் மொழியைக் குறைத்து மதிப்பிடும் அளவுக்கு அந்த எண்ணம் ஊறியிருந்தது. நாளுக்கு நாள் ரவுடி வாயில் மட்டும் 'கீது' கேட்டு வளரும் வடசென்னைக் குழந்தைக்கும் அதுதான் நடக்கும்.

ஒரு சுலபமான சோதனை: பாத்திரப் பட்டியலில் யார் பொதுத்தமிழ் பேசுகிறார்கள், யார் வழக்கு பேசுகிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். கதாநாயகன், நாயகி, டாக்டர், கலெக்டர் எல்லாம் ஒரு பக்கம், பாட்டி, வேலைக்காரர், வில்லன், சிரிப்புக்காரர் மறுபக்கம் என்று பிரிந்தால் மறுபடி எழுத வேண்டும். ஒரே வீட்டில் பிறந்த அக்கா தம்பிக்கு வேறு வேறு தமிழ் வந்தாலும் அப்படித்தான்.

எல்லைக்கோடு:
எதிர்வீட்டு மலையாளிக்கு வருகிறேன். வேற்று மொழிக்காரர் பாத்திரங்களுக்குத் தமிழ்த் திரையில் பழைய அச்சுகள் இருக்கின்றன. சேட்டுக்கு 'நம்பள்கி, நிம்பள்கி', கூர்க்காவுக்கு 'ஷாப்', மலையாளிக்கு 'எந்தா', வெள்ளைக்கார துரைக்கு டகரம் நிறைந்த தமிழ். இவை எல்லாம் நாடக மேடையிலிருந்து வந்த அடையாளங்கள். சௌகார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மார்வாடிக் குடும்பத்துப் பிள்ளைகள் நல்ல சென்னைத் தமிழ் பேசுகிறார்கள்.

புதிதாகத் தமிழ் பேசுகிறவர் எங்கே தடுக்குவார் என்பது அவர் தாய்மொழியின் அமைப்பைப் பொறுத்தது. இந்தியில் எகர ஒகரக் குறில் தனியாக இல்லை. அதனால் 'கொடு' கோடு ஆகும், 'ஒரு' ஓரு ஆகும், 'எடு' ஏடு ஆகும். மலையாள வினைக்குத் திணை பால் விகுதி கிடையாது. நான், அவன், அவர் எல்லாருக்கும் 'வந்நு' ஒன்றுதான். ஆகவே அவர் தடுக்குவது ஏன், ஆன், ஆர் விகுதிகளில். சொற்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆங்கிலம் தாய்மொழியானவருக்குத் தகரமும் டகரமும் ஒரே இடத்தில் போய் முட்டும். இப்படி ஒரே ஒரு தடுமாற்றத்தைத் தேர்ந்து தொடர்ந்து வைத்தால் ஆள் உண்மையாக இருப்பார். ஐந்தையும் சேர்த்தால் பகடி வேஷம்.

நம்மைப் பிறர் காட்டுவதிலும் இதே கதைதான். இந்தித் தொடரில் தமிழர் என்றால் 'அய்யோ'வும் நெற்றிப் பட்டையும். இந்தி பேசும் தமிழர் உண்மையில் தடுக்குவது பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் போடுவதிலும், ஒரே ககரத்தின் நான்கு ஒலிகளைப் பிரிப்பதிலும். 'சாப்பாடு', 'பாட்டு' இரண்டும் அவர் வாயில் 'கானா'தான்.

தேசத்தையே உச்சரிப்பால் காட்டும் வழக்கம் எவ்வளவு தற்செயலானது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் மானுவேல் என்ற பரிசாரகர் பார்சிலோனாக்காரர். அவர் அரைகுறை ஆங்கிலம்தான் சிரிப்பு. ஸ்பெயினில் டப் செய்தபோது அவரை இத்தாலியர் ஆக்கிவிட்டார்கள், பார்சிலோனாப் பகுதியின் கட்டலான் மொழியில் மெக்சிகோக்காரர் ஆக்கினார்கள். 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் அப்பு என்ற இந்தியக் கடைக்காரருக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா, நீண்ட விமர்சனத்துக்குப் பிறகு 2020-இல் அந்தக் குரலை விட்டார். சோவியத் அணு உலை விபத்தைப் பற்றி 2019-இல் வந்த 'செர்னோபில்' தொடர் வேறு வழி எடுத்தது: நடிகர்களுக்கு ரஷ்ய ஆங்கிலம் கிடையாது, பெரும்பாலும் அவரவர் பிரிட்டிஷ் உச்சரிப்பிலேயே பேசினார்கள். ஒரே மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது அவர்கள் காதில் உச்சரிப்பே இல்லை என்பதுதான் அதன் நியாயம். மொழிபெயர்ப்புக் காட்சி எழுதுகிறவர்கள் இதை யோசிக்கலாம். எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் தனியாக இருக்கும்போது உடைந்த தமிழ் பேசக் காரணமே இல்லை.

முதல்வரைவு:
எல்லாருக்கும் நன்றி. அட்டவணை போட்டுவிட்டேன். ஒரு சிறு காட்சி கீழே. திருத்துங்கள்.

மாமியார்: ஏனுங்க அம்மிணி, ஒறம்பரை வந்தாச்சாங்க? பொடக்காளி கூட்டியாச்சாங்க?
மருமகள்: வந்துட்டாவ அத்தை. மாடிக்குப் போயிருக்காவ.
பேரன்: அப்புச்சி வயலுக்குப் போனாருங்க பாட்டி.
மாடிப் பெண்: நான் நேத்து கடைக்குப் போனேன் கண்டியளோ, அவை என்னோட கதைச்சாங்க.
எதிர்வீட்டுக்காரர்: எந்தா சேச்சி, ஊருக்குப் போகுன்னில்லே?

நொய்யல்கரை:
மாமியார் மருமகளிடம் பேசுகிறார், 'ங்க' வேண்டியதில்லை. 'அம்மிணி, ஒறம்பரை வந்தாச்சா? பொடக்காளி கூட்டியாச்சா?' போதும். ஒரே மூச்சில் இரண்டு ஊர்ச் சொல் அதிகம், ஒன்றை எடுத்துவிடலாம். பேரன் சொல்வது அப்பாவின் அப்பாவை என்றால் 'அப்பாரு'. வயல் என்பதைவிட 'தோட்டத்துக்கு' என்று இருக்கட்டும், அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டி என்பதற்கு 'ஆத்தா' போடலாம்.

தாமிரபரணி:
மருமகள் வரி சரி. மாமியாரிடம் தணித்துப் பேசுவதாக இருந்தால் முதல் வாக்கியத்தில் 'வந்துட்டாங்க' வைத்து, இரண்டாவதில் 'போயிருக்காவ' என்று வழுக்க விடுங்கள்.

'யாழ்'கருக்கல்:
'நான் நேற்றுக் கடைக்குப் போனனான், அவை என்னோட கதைச்சவை.' வினை இரண்டும் சரியாக வந்தால் 'கண்டியளோ' தேவையில்லை, எடுத்துவிடுங்கோ.

எல்லைக்கோடு:
எதிர்வீட்டுக்காரர் 20 வருடமாகப் பொள்ளாச்சியில் இருக்கிறார். பாலக்காடும் பொள்ளாச்சியும் பக்கத்துப் பக்கத்து ஊர். அவருக்குத் தமிழ் வரும்போதே கொங்குத் தமிழாகத்தான் வந்திருக்கும். 'ஏனுங்கம்மா, ஊருக்குப் போகலீங்களா?' என்று கேட்கட்டும். உள்ளே திரும்பி மனைவியிடம் பேசும் அடுத்த வரியை முழுக்க மலையாளத்தில் வையுங்கள், கீழே தமிழ் எழுத்து போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம்குரல்:
மருமகளின் 'போயிருக்காவ' வரியைக் குளோஸ்-அப்பில் எடுக்கப் போகிறார்கள் என்றால் தளத்திலேயே அப்படிச் சொல்ல வைக்க மறக்காதீர்கள். டப்பிங்கில் அந்த வகரத்தை நுழைக்க வழியில்லை.